நம்பர் இல்லாத மனுசன்

கிறீச்... கிறீச்...

துருப்பிடித்த ஆணி சுவரை விட்டு வரும் அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றும் பல் கூசுகிறது. புத்தளம் டவுனில் எங்கள் பழைய வீடு. தெருக் கழுதைகள் முதுகு உரசிவிட்டுப் போகும் மதில். முன்கதவுக்கு மேலே நகரசபை இலக்கத் தகடு. வீடு மாறும் நாளில் கதிரையில் ஏறி நானே அதைக் கழற்றினேன். சந்தோசமாகக் கழற்றினேன்... அதுதான் இன்னும் சுடுகிறது.

எல்லாம் சோலைவரியால் வந்தது. நகரசபைக்குக் கட்டும் வீட்டு வரி. மகள் நஸ்ரா பிறந்ததும் பின்பக்கம் ஓர் அறை போட்டேன். அளக்க வந்தார்கள், வரி ஏறியது. பிள்ளை பெற்றதற்கும் வரியா என்று நான் வேலை செய்த கந்தோரில் எல்லோரிடமும் கத்தினேன். அப்போது நான் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர். படித்தவன் என்ற திமிர் வேறு.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். மனைவியின் மூத்த அண்ணன், அவளுக்கு நாநா. முந்தலில் இறால் யாவாரம்.

"தில்லையடி தாண்டி ஒரு காணி வூட்டோட வருது மச்சான். பிரதேச சபைப் பக்கம். வரி பேருக்குத்தான். இங்க இருந்து என்னத்துக்கு அவங்களுக்குக் கொட்டுறீங்க?"

"அப்ப இந்த வூடு?"

"நான் எடுக்கிறேன். வெளி ஆளுக்குப் போகாம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்."

கழற்றிய தகட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். "இந்தப் பலாய, இந்த வரித் தொல்லைய நீங்களே வெச்சிக்கொள்ளுங்க."

அவர் சிரித்தார். "இனி நீங்க நம்பர் இல்லாத மனுசன்! எவன் தேடினாலும் பிடிக்க ஏலா."

நானும் சிரித்தேன்.

புது இடத்தில் மணல் ஒழுங்கை, இரண்டு பக்கமும் தென்னை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீருக்குத் தாங்கி லொறி, பவுசர், வரவேண்டும். மச்சான் சொன்ன பேருக்கான வரிகூட எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. மூன்று வருசம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு நஸ்ராவுக்கு முதலாம் ஆண்டு...

டவுன் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் வசிப்பிடத்துக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். முதலாவதே சோலைவரித் துண்டு, சபை தரும் வரிச் சீட்டு. அன்றிலிருந்து கந்தோரில் கூட்டிய கணக்கையே திரும்பத் திரும்பக் கூட்டினேன்.

மனைவியோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். அதாவது, எங்கள் பழைய வீட்டுக்கு. கதவுக்கு மேலே அதே தகடு. துரு சுரண்டி, நீலப் பெயின்ற் அடித்து, நான்கு மூலையிலும் புது ஸ்குரூ ஆணி.

"நாநா, நாங்க இன்னும் இங்கதான் இருக்கிறோம் எண்டு ஒரு கடிதம் தாங்களேன்" என்றாள் மனைவி.

"ஒரே நம்பர்ல ரெண்டு புள்ளயக் காட்டினா ரெண்டையும் வெட்டிப்போடுவாங்க தங்கச்சி. எங்கட சின்னவனும் இந்த வருசம்தானே..."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னை வெளியே அனுப்பிவிட்டு அவர் உள்ளே வந்திருக்கிறார்.

"நாநா அப்பிடி நினைச்சுச் செய்யல்ல" என்றாள் மனைவி, திரும்பி வரும் வழியில். இன்றும் அதையே சொல்கிறாள்.

நேர்முகப் பரீட்சையில் மூன்று ஆசிரியைகள். என் ஃபைல் வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்தில் நஸ்ரா, புதுச் சப்பாத்தோடு.

"சோலைவரித் துண்டு?"

"எங்கட பக்கம் இன்னும் வரி வரல்ல மிஸ்."

"கரண்ட் பில்?"

"அது முந்தின ஆள்ட பேர்ல..."

"அப்ப நீங்க அங்க இருக்கிறீங்க எண்டதுக்கு என்ன சேர் இருக்கு?"

நஸ்ராவைக் காட்டினேன். "இவ இருக்கா."

ஒருவரும் சிரிக்கவில்லை.

பெயர்ப் பட்டியல் ஒட்டும் வரை தினமும் பள்ளிக்கூட கேற்றடிக்குப் போய் வந்தேன். ஒட்டிய நாளில் மூன்று தரம் வாசித்தேன். மச்சானின் மகன் பெயர் இருந்தது.

நஸ்ரா பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே கணக்குக்கு ஆசிரியர் வரவே நான்கு வருசம் ஆனது. ஆனாலும் நன்றாகத்தான் படித்தாள். அதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

போன மாதம் பிரதேச சபையிலிருந்து ஒழுங்கையை அளக்க வந்தார்கள். வீட்டுக்கு வீடு சண்டை. "எல்லாரும் ஏசுறாங்க, நீங்க மட்டும்தான் சேர் டீ தாறீங்க" என்றார் அளக்க வந்தவர். எங்கள் வீட்டை விட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் போதும், கேற்றடிக்கு ஓடினேன்.

துண்டு வந்தது. என் பெயர், ஒழுங்கையின் பெயர், இலக்கம்.

இருபது வயது தாண்டிய நஸ்ரா அதை வாங்கிப் பார்த்தாள். "வாப்பா, இப்ப நான் முதலாம் ஆண்டுக்குப் போகலாமா?" விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் எழும்பி உள்ளே போய்விட்டேன்.

அன்று பின்னேரமே மச்சானின் அழைப்பு. "அங்கயும் வந்துட்டானுகளாமே! கல்பிட்டிப் பக்கம் ஒரு காணி இருக்கு மச்சான், வரி ஒண்டுமே..."

போனை வைத்துவிட்டு ஹார்ட்வெயார் கடைக்குப் போய், துண்டிலிருந்த இலக்கத்தை ஒரு தகட்டில் எழுதுவித்து வாங்கி வந்தேன்.

அன்று பழைய வீட்டில் தகட்டின் ஆணி, ஒரு சுத்தியலுக்கே வந்துவிட்டது. இன்று நான்கு ஸ்குரூ. இறுக்கித்தான் பூட்டியிருக்கிறேன்... ஆனாலும் காலையில் கந்தோருக்குப் போகுமுன் ஒரு தரம் ஆட்டிப் பார்க்காமல் கால் நகர்வதில்லை.