பாய்மரம் அறுத்த கரை

நீங்கள் பொய் சொல்கிறீர்கள், தலைவரே. என் அத்தான் எண்ணெய்க் கணக்குத் தெரியாமல் கடலில் தொலைந்துபோனார் என்று முல்லைத்தீவில் உங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் சொன்னது பச்சைப் பொய். அக்காவை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, கையில் ஓர் உயிர்காப்பு அங்கியைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு அதைச் சொன்னீர்கள். புருசன் போன பிறகு அவாவுக்கு அது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அத்தானின் மகள் என் கையைப் பிடித்தாள்.

"மாமா, அப்பாவுக்குக் கணக்குத் தெரியாதோ?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போன பிறகுதான் பேச்சு வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் வவுனியா பஸ்ஸில் யாரோ ஒருவர் உரப்பைக்குள் மண்ணெண்ணெய்க் கானை வைத்துக் காலுக்கிடையில் ஒளித்திருந்தார். மூடி இறுகவில்லை. பஸ் முழுக்க நாற்றம்.

"ஆரப்பா உது? கானை மேல வையுங்கோ, இல்லாட்டி இறங்குங்கோ!" என்று கொண்டக்டர் கத்தினான்.

"மேல வைச்சா உன்ர தலையிலதான் தம்பி ஊத்தும். பிறகு பீடி பத்தாத."

சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களுக்கு அந்த மணம் குசினியை நினைவுபடுத்தும். எனக்குக் கடலைக் கொண்டுவரும்.

நாங்கள் அக்கராயனில் வயல்காரர். குளம் நிரம்பி வான் பாய்வதுதான் நான் கண்ட பெரிய தண்ணீர். அக்கா கரையோரத்தில் கலியாணம் கட்டிப் போனாள். போர் முடிந்து மீளக் குடியேறிய காலத்தில், எங்கள் வயலில் மிதிவெடி எடுத்து முடிக்கும்வரை செய்ய வேலை இல்லாமல், நானும் அத்தானின் படகில் ஏறினேன். தொடக்கத்தில் நான் பிடித்த மீனைவிட, கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்து மீனுக்குத் தீத்தியதுதான் அதிகம். "மச்சான், நீ வந்தாப் பிறகு மீனெல்லாம் எங்கட போட்டைச் சுத்தியே நிக்குது. நல்ல சாப்பாடெல்லே" என்பார் அத்தான்.

இஞ்சினுக்கு அவர் வைத்த பெயர் மருமகன். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற பழைய இஞ்சின் அது. "திண்ண மட்டும் நல்லா வருவான், வேலை எண்டா இருமுவான்" என்று திட்டிக்கொண்டே அதைத் துடைப்பார். படகின் பாய் முகாமில் தந்த தறப்பாளில் தைத்தது. கூடாரமாக இருந்தபோது எங்களை மழையில் நனைய விட்ட அதே தறப்பாள், கடலில் ஒழுங்காக வேலை செய்தது.

சோளகம் எங்கள் பக்கத்தில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. போகும்போது இஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துவிட்டுப் பாயை விரித்தால் போதும், ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை. ஆனால் அந்தக் காற்று யாரையும் திருப்பிக் கொண்டுவராது. வரும்போது அது முகத்துக்கு நேரே நிற்கும். அவசரப்பட்டு இஞ்சினை முறுக்கினால் படகு மூக்கைத் தூக்கி அலையில் அடிக்கும், எண்ணெய் இரட்டிப்பாகப் போகும், கரை மட்டும் கிட்ட வராது. இஞ்சினை மெதுவாக விட்டு, பாயையும் சாய்த்துப் பிடித்து, குறுக்கும் மறுக்குமாக வந்தால் பாதி எண்ணெயில் வந்து சேரலாம்.

இது தெரிந்தும் நான் முறுக்குவேன். வயலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டிப் பழகிய கை.

"டேய், ஆற்ற வயலை உழுறாய்?"

"கெதியா ஓடினாத்தானே அத்தான் கெதியா வீட்டை போகலாம்."

"ஓம், ஓடு. எண்ணெய் முடிஞ்சோடன பர்மாவில இறங்கிச் சோறு தின்னு."

இந்தப் பர்மாப் பகிடி அந்தக் கரையில் எல்லாப் படகிலும் உண்டு. அதற்கு ஒருவரும் முழுதாகச் சிரிப்பதில்லை. எண்ணெய் முடிந்த படகைச் சோளகம் கொண்டுபோகிற பக்கம் அது. சிரித்து முடிந்ததும் எல்லோரும் ஒருமுறை கரை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

படகின் முன்பக்கத்தில், அணியத்துப் பலகைக்குக் கீழே ஒரு சிவப்புக் கான் கட்டியிருக்கும். அதற்குப் பெயர் வீட்டுக் கான். எவ்வளவு மீன் பட்டாலும் அதை நம்பி இன்னும் கொஞ்சத் தூரம் போகக் கூடாது. அது வீட்டுக்கு வர மட்டும். கயிற்றில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டிருப்பார். அவசரத்துக்கு எடுக்கிற சாமானுக்கு ஏன் இத்தனை முடிச்சு என்று கேட்டேன். "அவிழ்க்கேக்க யோசிக்க நேரம் கிடைக்குமெல்லே" என்றார்.

இந்த மனிசனுக்குத்தான் கணக்குத் தெரியாது என்கிறீர்கள்.

வயல் திரும்பக் கிடைத்ததும் அண்ணன் உழத் தொடங்கினான். நான் வவுனியா நெளுக்குளத்தில் ஓர் இரும்புக் கடையில் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். பிறகு நாடு முழுக்க எண்ணெய் இல்லாத காலம் வந்தது. வெறும் கானை வரிசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே சனம் படுத்துக் கிடந்தது. நானும் கிடந்தேன், என் கானை ஒருவன் தூக்கிக்கொண்டு போனதுகூடத் தெரியாமல். கரையில் எண்ணெய் பங்கிடும் வேலை உங்கள் சங்கத்துக்கு வந்தது. அப்போதுதான் அந்த விதி வந்தது: பாய்மரம் உள்ள படகுக்குப் பாதி எண்ணெய். காற்றில் ஓடக்கூடியவனுக்கு எண்ணெய் எதற்கு என்று ஒரு நியாயமும் சொன்னீர்கள்.

கேட்க நியாயம் போலத்தான் இருந்தது. கரை முழுக்க வாள் சத்தம் கேட்டதாக அக்கா சொன்னாள். முழுப் பங்கு வேண்டும் என்று ஒவ்வொருவரும் தன் பாய்மரத்தைத் தானே அறுத்தார்கள். மரம் நிற்கும் துளையைப் பைபர் பூசி மூடினார்கள், பார்க்க வருகிறவர்கள் சந்தேகப்படக் கூடாது என்று. அறுத்த மரங்கள் கோழிக்கூட்டுக்கும் கொடிக்கம்பத்துக்கும் போயின. அத்தான் கொஞ்சக்காலம் இழுத்தடித்தார். பாதிப் பங்கில் வீட்டுக் கானை நிரப்ப வழியில்லை. கடைசியில் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தார்.

"மரத்தை அறுத்திட்டன் மச்சான்."

"ஏன் அத்தான்? உங்களுக்கென்ன விசரோ?"

"எண்ணெய் வேணுமெண்டா காத்தை விக்க வேணுமாம். வித்திட்டன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரும் அறுத்து முடித்த பிறகு, எண்ணெய் வரத்துக் குறைந்துவிட்டது என்று எல்லாருக்கும் பாதியாக்கினீர்கள். காற்றும் போய் எண்ணெயும் போனது. இரண்டு பேர் ஏறினால் பாரம், பாரம் கூடினால் எண்ணெய் கூடும் என்று படகுகள் தனி ஆளோடு போகத் தொடங்கின. அத்தானும் தனியாகத்தான் போனார்.

அவரைக் கடைசியாகக் கண்டது பக்கத்துப் படகுத் தேவன். திரும்பும்போது சோளகம் இறுகிவிட்டது. "அண்ணை முறுக்கேல்லை. மெள்ளமாத்தான் வந்தவர். வீட்டுக் கானையும் அவிழ்த்து ஊத்தினதைக் கண்டனான், அதுவும் அரைக் கான்தான். பிறகு இஞ்சின் சத்தம் நிண்டிட்டுது. எழும்பி நிண்டு எனக்குக் கையைக் காட்டிப் போ போ எண்டவர். என்னட்டையும் எண்ணெய் இல்லை. நான் என்ன செய்ய?" இதைச் சொல்லும்போது தேவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தேடிப் போன படகுகள் வெறும் கடலைப் பார்த்துவிட்டு வந்தன.

கூட்டத்தன்று கரைக்கும் போய்ப் பார்த்தேன். இப்போது எண்ணெய் கிடைக்கிறது. வரிசையாகக் கிடந்த படகுகளில் ஒன்றில்கூடப் பாய்மரம் இல்லை. புதிதாக வந்தவற்றில் மரம் நாட்டத் துளையே இல்லை. பெடியள் கரையிலிருந்தே முழுதாக முறுக்கிக்கொண்டு போகிறார்கள். சோளகம் தொடங்கிவிட்டது.

தலைவரே, அந்த விதியை எழுதியது நீங்களா, மேலே இருந்து யாராவது எழுதித் தந்தார்களா? மரம் அறுபட்ட பிறகு பங்கைப் பாதியாக்கச் சொன்னது யார்? பெயரைச் சொல்லுங்கள். அக்காவின் வீட்டுக்கு வந்து குசுகுசுக்க வேண்டாம். எனக்குப் போன் எடுக்கவும் வேண்டாம். கடலுக்குப் போகிறவர்களும் அவர்களின் பெண்சாதிகளும் கூடி நிற்கிற பகலில், அந்தக் கரையில் நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.