பிரிக்காத பொட்டணம்

எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சுன்னு கோயமுத்தூர் டாக்டரு சொன்னாருங்க. தொண்ணூறுகள்ல நடந்தது. எந்த வருசம்னு கேக்காதீங்க, நான் மூணாப்போட பள்ளிக்கூடத்த உட்டவ.

டீவிப் பொட்டியாட்ட ஒரு மிஷினுல நெஞ்சத் தொறந்து காட்டுனாரு. இத்தன வருசம் குடும்பம் நடத்தியும் நான் பாக்காத நெஞ்சு.

"ஆபரேசன் பண்ணுனா பொழச்சுக்குவாருங்களா?"

"பாதிக்குப் பாதிங்கம்மா. பண்ணாட்டி வருசம் தாண்டறது கஷ்டம்."

"மீதிப் பாதியச் சொல்றதுக்கு இன்னும் பெரிய மிஷினு வேணுமுங்களா?"

"அதச் சொல்ற மிஷினே கெடையாதுங்கம்மா" ன்னாரு. சிரிக்கக்கூட இல்ல.

எங்கூட்டுக்காரரோ, "சாமிகிட்டப் பூக் கேட்டுட்டுத்தான் எதுவும். செவப்பு வந்தா கத்தி வெக்க உடமாட்டேன்" னுட்டாரு. கன்னுக்குட்டி வாங்கறதுக்கே பூக் கேக்கற ஆளுங்க அவரு.

வெள்ளகோவில் பக்கம் எங்க கொலதெய்வம். வெள்ளரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு, தனித்தனியா எலையில மடிச்சுச் சாமி முன்னால போடோணும். கேக்கறவரு ஒரு பொட்டணத்த எடுக்கோணும். வெள்ளை வந்தா செய்யலாம், செவப்பு வந்தா கூடாது. எடுக்காத பொட்டணத்தப் பிரிச்சுப் பாக்கப்படாது. அந்தக் கடைசிப் பேச்சுதானுங்க என்னையக் கெடுத்துப்போட்டுது.

"பூசாரி, நீங்க வெளக்கப் பாருங்க, நானே மடிச்சுத் தாரேன்" னு பூக்கூடைய வாங்கிட்டேன். ரெண்டுலயும் வெள்ளையே வெச்சு மடிச்சுப்போட்டேன். செவ்வரளிய எடுத்து என்ற மடியில ஒளிச்சுக்கிட்டேன்.

எங்கூட்டுக்காரரு இதத் தொடறாரு, அதத் தொடறாரு.

"ஏனுங்க, வெண்டக்காயா பொறுக்கறீங்க? எடுங்க."

எடுத்தாரு. பிரிச்சாரு. "பாத்தியா புள்ள, வெள்ளை!"ன்னு பூசாரி முன்னாலயே என்ற தோளத் தட்டுனாரு. இன்னொரு பொட்டணத்தக் கொண்டுபோயி வாய்க்கால்ல போட்டேன். பிரிக்காமயே உள்ள என்ன இருக்குதுன்னு எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப, "சாமியே சொல்லிப்போட்டுது, நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?"ன்னாரு. சிரிச்சுட்டேதான் போனாரு.

திரும்பி வருல.

டாக்டரு வெளிய வந்து வாய்த்துணியக் கழட்டுனாரு. எனக்கு வெளங்கிப்போச்சு. "சாப்டீங்களா டாக்டரு?"ன்னு கேட்டேன். வேற ஒண்ணும் வாயில வருல. கண்ணுலயும் வருல. காரியம் முடியற வரைக்கும் வந்தவங்களுக்குக் காப்பித்தண்ணி வெச்சுக் குடுத்துட்டே இருந்தேன்.

பதினாறாம் நாளு பையன் சொன்னான்: "டாக்டராச்சும் பாதிதான்னு உள்ளதச் சொன்னாரும்மா. சாமி முழுப் பொய்யச் சொல்லிப்போட்டுது. இனி அந்தக் கோயில் பக்கமே வரமாட்டேன்."

அது வாயே தொறக்குலடா, பேசுனது உங்கம்மான்னு சொல்லியிருக்கோணும். "சரி கண்ணு, வந்து சாப்புடு" ன்னேன்.

அவன் போறதேயில்லீங்க. நாந்தான் போறேன். ஒழுங்கா மடிச்சிருந்தா செவப்பு வந்திருக்குமா, அவரு ஊட்டுலயே இருந்திருந்தா எத்தன நாளுன்னு ரோசன பண்ணிப் பாப்பேன். கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னுபோகும். சாமியும் பாக்குது, நானும் பாக்கறேன்.

யாராச்சும் பூக் கேக்க வந்தா பூசாரி கூப்புடுவாரு. "அம்மணி, அன்னைக்கு நீங்க மடிச்சு வெள்ளை வந்துச்சே, உங்க கை ராசியான கை, நீங்களே மடிச்சுக் குடுங்க."

"வேண்டாஞ்சாமி" ம்பேன். "கை மரத்துப்போச்சு."