பூச்சி வருமுன் எண்ணெய் தடவியவள்

எஸ்நாத் நியாலோங்வே என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது கோயிலில், ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில். அப்போது நான் அந்த ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எஸ்நாத் எனக்கு நாத்தனார் முறை. என் மாமியாரும் அவள் அம்மாவும் உடன்பிறந்தவர்கள்.

அது மரவள்ளி செத்த வருஷம். வெள்ளைப் பூச்சி விழுந்து குருத்தெல்லாம் சுருண்டு, தோண்டினால் விரல் தண்டிக்கு வேர்தான் வந்தது. போதாததற்குத் தென்காற்று விடாமல் அடித்து, தோணிகள் மூன்று வாரமாகக் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தன.

அந்த நிலைமையில் எங்கள் சபை மூப்பர் கமாங்கா எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மலைமேல இருக்கிற சபைகள்ல இருந்து பெண்கள் ஐக்கியம் நாப்பது பேரு வர்ற சனிக்கிழமை இங்க கூடணும். இந்தத் தடவ நம்ம முறை. வர வேணாம்னு நான் கடுதாசி எழுதிடுறேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எழுதாதீங்க மூப்பரே. வரட்டும்."

"வந்து எதத் திம்பாங்க எஸ்நாத்? ஏரித் தண்ணியவா?"

"அவங்கள அனுப்புற ஆண்டவரு சோத்தையும் அனுப்புவாரு. என் வாசல்ல வந்து உக்காரட்டும்."

"அவ வீட்ல எலிகூடப் பட்டினி கெடந்து ஓடிப்போச்சு" என்று பின்னால் யாரோ சொல்ல, கோயிலே சிரித்தது. எஸ்நாத்தும் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள்தான்.

நெட்டையான பெண். மூன்று பிள்ளைகள். புருஷன் தெற்கே சுரங்க வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. அப்படிப்பட்டவள் நாற்பது பேரை வரச்சொல்லிவிட்டாள். எங்கள் வட்டாரத்தில் பாயில் உட்கார்ந்த விருந்தாளி வெறும் வயிற்றோடு எழுந்து போனால், அந்த வீட்டுப் பெண்ணைப் பேரப்பிள்ளை காலம்வரை அதைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். அவள் மகளைக் கட்டிக்கொடுக்கப் போகும் இடத்திலும் அந்தப் பேச்சு முந்திக்கொண்டு போய் நிற்கும்.

புதன், வியாழன் இரண்டு நாளும் காற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று சட்டென்று நின்று ஏரி எண்ணெய் விட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. இறங்கிப் பார்த்த தோணிகளும் வெறும் வலையோடு திரும்பின. சனிக்கிழமை விடிந்ததும் எஸ்நாத் வாசலில் ஆறு முறங்களைக் கவிழ்த்து வைத்து, புட்டியில் மிச்சமிருந்த எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். முறத்தில் எண்ணெய் தடவுவது எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுக்குத்தான். ஏரியிலிருந்து சின்னப் பூச்சி மேகமாகக் கிளம்பும். கடிக்காது. கம்பில் முறத்தைக் கட்டி அந்த மேகத்துக்குள் சுழற்றினால் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு அதுதான் கறி. ஆனால் அன்று ஏரிமேல் ஒரு புள்ளிகூட இல்லை.

என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, இருந்ததே அம்புட்டு எண்ணெதான். அதையும் தேய்ச்சுத் தொலைச்சியா?"

"வந்தப்புறம் தடவ நேரமிருக்காது பெரியம்மா. அது என்ன, நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

"வரலைன்னா?"

"வரும் பெரியம்மா. நான் கேட்டுட்டேன்."

உச்சி வேளைக்குப் பாட்டுச் சத்தம் கேட்டது. வெள்ளை ரவிக்கையும் வெள்ளைத் தலைத்துணியுமாக நாற்பது பேர் மலையிலிருந்து வரிசையாக இறங்கி வந்தார்கள். எஸ்நாத் பாய் விரித்தாள். மூன்று அடுப்பில் மூன்று பானை. மூன்றிலும் வெறும் தண்ணீர் கொதித்தது. மலைக்காரர்களின் தலைவி நியாமாங்கோ ஒரு பானையை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

திடீரென்று நியாமாங்கோ ஏரியைக் காட்டி எழுந்தாள். நட்டநடு ஏரியில் பழுப்பாகப் புகைத் தூண் ஒன்று வானத்துக்கும் தண்ணீருக்குமாக நின்றது.

"கப்பல் எரியுது. ஐயோ, எத்தன உசுரோ. முழங்கால் போடுங்கம்மா."

நாற்பது பேரும் மணலில் மண்டியிட்டுச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்கள். மலைக்காரர்கள், பாவம், அதைக் கண்டதில்லை. எஸ்நாத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எந்திரிங்கம்மா. எந்தக் கப்பலும் எரியல. அது உங்க சாப்பாடு."

ஆனால் மேகம் எங்களை நோக்கி வரவில்லை. வடக்கே, அடுத்த ஊர்ப் பக்கம் சாய்ந்து போனது. எஸ்நாத் முறத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். "ஆண்டவரே, விருந்தாளிங்க இங்கதான் உக்காந்திருக்காங்க" என்றாள், வழி தவறியவருக்கு வழி சொல்வதுபோல. என் கழுத்தின் வலப்பக்கம் அடித்த காற்று நின்றது. பிறகு நெற்றியில் அடித்தது.

தூண் வளைந்தது. அகன்றது. வெயில் மங்கி, காது, மூக்கு, வாய் எல்லாம் பூச்சி. "வாய மூடு, முறத்த வீசு" என்று மாமியார் கத்தினார். அவர் வாய்தான் அதிகம் திறந்திருந்தது. ஊரே கரைக்கு ஓடி வந்தது. மூப்பர் கமாங்கா தொப்பியைக் கழற்றி வீசினார். நியாமாங்கோ தன் தலைத்துணியை நனைத்துச் சுழற்ற, நாற்பது வெள்ளைத் துணிகளும் கறுத்துப் போய்விட்டன. வழித்து வழித்துக் கொட்டினோம். உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் அடை மாதிரி நிற்கும். உப்புப் போட்டு வேகவைத்தால் கருவாட்டு வாசனை. மூன்று பானையும் நிரம்பி, பாறையெல்லாம் அடை காய்ந்தது.

களி இல்லாமல் சாப்பிட்டால் எங்களுக்குச் சாப்பிட்ட கணக்கே இல்லை. நான் சத்தம் காட்டாமல் வீட்டுக்குப் போய், பரணில் ஒளித்து வைத்திருந்த கொஞ்சம் மரவள்ளி மாவை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் பெண்கள் அதே மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"எலி திரும்பி வந்துருச்சு போல" என்றாள் எஸ்நாத், எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து.

ஆளுக்கு இரண்டு உருண்டை களியும் வயிறு முட்டப் பூச்சியும். மிச்ச அடைகளை மலைக்காரர்கள் கறுத்த துணியிலேயே மூட்டை கட்டிச் சுமந்து போனார்கள். அடுத்த வாரம் ஏழு கூடை கேழ்வரகோடு இறங்கி வந்தார்கள். மரவள்ளி மறுபடி கிழங்கு வைக்கும்வரை அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. எஸ்நாத்தின் புருஷன் மட்டும் திரும்பி வரவேயில்லை. மகளைக் கட்டிக்கொண்டு போனது அந்த மலைக்காரர்கள்தான்.

எஸ்நாத் இப்போது முசுசு நகரத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், அந்த மகளோடு இருக்கிறாள். பார்வை மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேத்தி கையைப் பிடித்துக் கோயிலுக்கு நடந்தே போகிறாள்.