ஜஸீலாவின் வீட்டுக்காரர்

மாதத்தின் முதல் தேதி, காலை ஆறே முக்கால். ஜஸீலா மூன்றாவது மாடியிலிருந்து ஐம்பத்திரண்டு படி இறங்கித் தெருவுக்கு வருகிறாள். இரண்டாவது மாடிப் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. அதன் நுனிக் கிளிப்பில் வாடகை உறையை மாட்டி இரண்டு தரம் இழுக்கிறாள். மேலே மணி அடிக்க, உறை ஏறிப் போகிறது. கொஞ்ச நேரத்தில் அதே கிளிப்பில் ஒரு துண்டுச் சீட்டு இறங்கி வருகிறது. பர்மியர் அதைப் பியேசா என்பார்கள். ரசீதுதான். அவள் அதை அங்கேயே நின்று படிக்கிறாள்.

"மச்சான், தேதி போடல!"

சீட்டு மறுபடி ஏறுகிறது.

இறங்கி வரும் வழியிலேயே அவர் கதவு இருக்கிறது. தட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் தலாக் ஆன இந்த நான்கு வருடத்தில் அவள் அந்தக் கதவைத் தட்டியதில்லை. மேலே இருப்பவர் தஸ்தகீர். அவளுடைய மாமா மகன், பதினொரு வருடம் கணவர், இப்போது வீட்டுக்குச் சொந்தக்காரர்.

வீடு இருக்கும் க்யிம்யிண்டைங்கிலிருந்து பஸ் பிடித்து எட்டரைக்குள் அவள் வேலைக்குப் போய்விடுவாள். அது ஒரு தர்மக் கண் ஆஸ்பத்திரி. வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய மூக்குக் கண்ணாடிகளைக் கழுவி, பவர் பார்த்துப் பிரிப்பது அவள் பொறுப்பு. அதற்கு மெஷின் உண்டு, கரண்டுதான் பாதி நாள் இருக்காது. ஜஸீலா காலண்டர் தாளுக்கு மேலே கண்ணாடியைப் பிடித்து மெல்ல ஆட்டுவாள். எழுத்து கூடவே நகர்ந்தால் மைனஸ், எதிர்ப்பக்கம் ஓடினால் ப்ளஸ். எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுவாள். கரண்டு வந்த பிறகு மெஷினில் வைத்துப் பார்த்தால் கால் பவருக்கு மேல் தவறியிருக்காது. ஆட்களைக்கூட அவள் பவரால்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள். "அந்த ப்ளஸ் மூணு அம்மா இன்னிக்கு வரலியா?" என்று கேட்பாள்.

ஆஸ்பத்திரியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுப்படி உண்டு. அவள் வாடகையில் முக்கால் பங்கு அதிலிருந்துதான் வருகிறது. 2003இல் அதற்குப் புது பாரம் வந்தது. 'வீட்டு உரிமையாளர் உங்களுக்கு உறவா?' என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஜஸீலா 'மாமா மகன், முன்னாள் கணவர்' என்று இரண்டையும் எழுதி, தலாக் பத்திரத்தின் நகலையும் முப்பத்தொன்பது பியேசாவையும் தேதி வரிசையில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

உண்மை எழுதியதற்குப் பலனாக விசாரணை வந்தது. படி நின்றால் வாடகை கொடுக்க முடியாது. ஷ்வேப்யிதாவில் இரண்டே அறையில் ஏழு பேரோடு இருக்கும் அண்ணன் அப்துல் பாரி காக்காவிடம் ஒன்பதாவது ஆளாகப் போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் தஸ்தகீர் சொல்வதைக் கேட்க வேண்டும். "சும்மா இருந்துட்டுப் போ புள்ள, யாரு கேட்டா?" என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு அது பெருந்தன்மை. வாடகை இல்லாமல் இருந்தால் மறுபடி அது அவர் வீடாகிவிடும் என்பது ஜஸீலாவின் கணக்கு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி அக்கவுண்டண்ட் ஊ ராஜரத்தினம் பைலோடு வந்தார். பெயருக்கு முன் ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு மா என்பது பர்மிய மரியாதை. சர்ச்சுக்குப் போகிற தமிழர், நல்ல மனிதர், ஆனால் எழுதியதை அடிக்கமாட்டார். தெருமுனையில் வடை சுட்டுக்கொண்டிருந்த கமலாட்சியிடம் வழி கேட்டார்.

"மா ஜஸீலாவா? மூணாவது மாடி. ரெண்டாவதுலதான் அவ வீட்டுக்காரரு இருக்காரு, கேட்டாச் சொல்வாரு" என்றாள் கமலாட்சி.

ராஜரத்தினம் அங்கேயே நின்று எழுதிக்கொண்டார்: 'கணவர் அதே கட்டடத்தில் வசிக்கிறார்.'

மேலே வந்ததும் அதை அப்படியே படித்துக் காட்டினார். ஜஸீலா பதறிக் குறுக்கிட்டாள்.

"வீட்டுக்காரருன்னா வீட்டுக்குச் சொந்தக்காரருங்க! வாடகை வாங்குறவரு!"

"எங்க வீட்ல வீட்டுக்காரருன்னா புருசன்மா."

"எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா இவரு இப்ப அந்த வீட்டுக்காரரு இல்ல, இந்த வீட்டுக்காரரு." சொல்லும்போதே தன் பேச்சு தனக்கே குழம்பியது. பால்கனிக்கு ஓடிப் போய்க் குனிந்து கூப்பிட்டாள். "மச்சான்! ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க, செத்த மேல வாங்க!"

ராஜரத்தினத்தின் பேனா நின்றது.

"என்னம்மா இது? முஸ்லிம் வீட்ல புருசனைத்தானே மச்சான்னு கூப்பிடுவாங்க? தலாக் ஆயிருச்சுன்னு பத்திரம் குடுத்திருக்கீங்க."

"தலாக் புருசன் பொண்டாட்டிக்குத்தாங்க. அவரு எங்க மாமாவுக்கு மவனாப் பொறந்தாரே, அதுக்கு யாரு தலாக் சொல்றது? பேச்சு வந்த நாள்லேர்ந்து மச்சான்தான். வேற பேரு எனக்கு வாயில வராது."

தஸ்தகீர் வந்தார். சலவைச் சட்டை போட்டு, புது லுங்கி கட்டியிருந்தார். ராஜரத்தினம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இவங்க வாடகை குடுக்காட்டி என்ன பண்ணுவீங்க?"

தஸ்தகீர் நெஞ்சை நிமிர்த்தினார். "என்ன பேச்சுங்க இது? குடும்பத்துப் பொம்பளைய தெருவுலயா நிறுத்துவேன்? என்னை என்னான்னு நெனச்சீங்க?"

ராஜரத்தினம் பைலை மூடினார். "அப்ப இது வாடகை இல்லீங்க, உபகாரம். உபகாரத்துக்குப் படி கிடையாது."

ஜஸீலாவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. உள்ளே போய்ப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். நான்கு மூலையிலும் பசை காய்ந்து கறுத்திருந்தது. போன வருட மழையில் கூரைத் தகரம் ஒழுகியது. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, தகரம் மாற்றும்வரை வாடகை இல்லை என்று அவள் கயிற்றில் உறைக்குப் பதில் சீட்டு அனுப்பினாள். மறுநாள் காலை அவள் கதவில் இது ஒட்டியிருந்தது. மாடி ஏறி இறங்கியவர்கள் எல்லாரும் படித்துவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க அவள் வேலைக்குப் போகவில்லை. கிழித்துப் போடவும் மனம் வரவில்லை.

ராஜரத்தினம் உரக்கப் படித்தார். "'குடியிருக்கும் ஜஸீலா பீவிக்கு அறிவிப்பது. ஏழு நாளில் வாடகை பாக்கியைக் கட்டவும். தவறினால் சாமான்களை வெளியே வைத்துப் பூட்டுவேன். வீட்டுச் சொந்தக்காரர், தஸ்தகீர்.' தேதி, கையெழுத்து, ரெண்டு சாட்சி."

"ஆறாம் நாள் தகரம் மாத்துனாரு. ஏழாம் நாள் நான் கட்டிட்டேன். அந்த பியேசாவும் உங்க பைல்ல இருக்குங்க" என்றாள் ஜஸீலா.

தஸ்தகீர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் துடைத்தார்.

"சொந்தப் பொண்டாட்டிக்கு எவன்யா நோட்டீஸ் ஒட்டுவான்?"

"ஒட்டத் தோணுங்க. தைரியம் வராது" என்றார் தஸ்தகீர்.

ராஜரத்தினம் வாய்விட்டே சிரித்துவிட்டார். நோட்டீஸை நகலெடுத்துத் தருவதாகச் சொல்லிப் பைலில் வைத்துக்கொண்டார். கீழே தெருவில் எழுதியிருந்ததை அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'வீட்டுக்காரர் என்றால் இங்கே வீட்டு உரிமையாளர் மட்டும்.'

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. படி தொடரும். ஜஸீலா அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு நாலு மணிக்கே அடுப்பை மூட்டி, சேமியாவில் முந்திரியை அள்ளிப் போட்டுப் பாயசம் காய்ச்சினாள். கமலாட்சிக்கு ஒரு தூக்கு போயிற்று. "ஒரு வார்த்தையில என்னைத் தெருவுக்குக் கொண்டாந்திருப்பியே அக்கா" என்று சொல்லிக் கொடுத்தாள்.

அந்தியில் தஸ்தகீர் மாடி ஏறி வந்து வாசலில் நின்றார்.

"கெடச்சிருச்சாமே."

"கெடச்சிருச்சு மச்சான்."

அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றார். ஜஸீலா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டாள். உள்ளே இருந்த நாற்காலியைத் தூக்கி வந்து, வாசல்படிக்கு வெளியே, மாடிப்படித் திருப்பத்தில் போட்டு, அதன் மேல் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, பாயசம் எடுத்து வர உள்ளே போனாள்.