எனக்குக் கருமாதி முடிந்த பிறகு

நான் செத்துப்போனேன் என்று எருமப்பட்டியில் என் அண்ணன் கருமாதி செய்தார். அப்போது நான் உயிரோடு இருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

ரங்கூனில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்துப் பிழைத்தவன் நான். மணந்தது ஒரு பர்மாக்காரப் பெண்ணை. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கப்பலில் இடம் கிடைக்காமல் அரக்கான் மலைவழியே நடந்தோம். வழியிலேயே வாந்திபேதியில் என் மனைவி இறந்தாள். எட்டு வயது மகள் தங்கத்தோடு கல்கத்தா வந்து, சென்னை வந்து, சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். அண்ணன் இருக்கிறார், சேர்ந்து உழுத தோட்டம் இருக்கிறது என்ற ஒரே நினைப்புத்தான் என்னை நடக்க வைத்தது.

எங்கள் ஊர் மாரப்பன் எனக்கு முன்பே கப்பலேறியவன். நான் மகளோடு நடந்து வருகிறேன் என்று அண்ணனுக்குச் சொல்லச் சொல்லி அவனை அனுப்பியிருந்தேன். நாமக்கல்லில் பஸ் நிற்கும் இடத்தில் அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொன்னேனுங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, ஊருல ஒருத்தருக்கும் சொல்லாதேன்னு சொல்லிப்போட்டாரு. பொறவுதானுங்க கருமாதி."

செய்தியை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். எருமப்பட்டியில் நாவிதரிடம் போய் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணனுக்கு மொட்டை அடிச்சது இந்தக் கைதானுங்க சாமி. உங்களுக்குத்தானுங்க அடிச்சேன்" என்றார்.

அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். எனக்காக மழித்த தலையில் முடி முளைவிட்டிருந்தது. மாடுகளை அவர் நிறுத்தவில்லை. மாடு பின்னே வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசினார்.

"ஊரைக் கூட்டிக் கருமாதி பண்ணிப்போட்டோம் தம்பி. இனி உன்னைய ஊட்டுக்குள்ள உட்டா ஊரு சிரிக்கும்."

தவறாகச் செய்தி போட்டால் பத்திரிகைக்காரர்கள் மறுநாள் திருத்தம் போடுவோம் அண்ணா என்றேன். அவர் தங்கத்தைப் பார்த்தார்.

"இந்த மூஞ்சியப் பார்த்தா நம்மூர்ப் புள்ளையாட்டமா இருக்குது?"

அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா இவருதானாப்பா?" என்று கேட்டாள். அண்ணன் மாட்டை அதட்டினார். மாடு முன்னே போய்விட்டது.

சென்னைக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று மறுபடி சேலம் ஜங்ஷன் வந்தேன். அங்கே தங்கத்துக்கு மலைக்காய்ச்சல் மூண்டது. உடம்பு கொதித்தது, கண் செருகியது. பர்மாவிலிருந்து வந்த ஜனம் பிளாட்பாரம் முழுவதும் கிடந்தது. எங்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அதுவரை கும்பிடத் தெரிந்த சாமி ஒன்றும் இல்லை. "நீ யாராக இருந்தாலும் சரி, இவளை விட்டுவிடு. நான் செத்தவனாகவே இருந்துவிடுகிறேன்" என்று சொன்னேன். என் முதல் ஜெபம் அதுதான்.

மறுநாள் காலையே சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பிலிருந்து நாலைந்து பெண்கள் கஞ்சிப் பானையோடு வந்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் தங்கள் கிறிஸ்தவச் சபைக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். அது ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகப் போகும். அந்த வருஷம் அதைக் கஞ்சியாகக் காய்ச்சி எங்களைப் போன்றவர்களுக்கு ஊற்றினார்கள். ரயில் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்தவரின் மனைவி எஸ்தரம்மாள், எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். எனக்கு ஊர் இல்லை, ஊரில் கருமாதி முடிந்துவிட்டது என்றேன். அவர் அசரவில்லை.

"செத்தவருக்குப் பசிக்குமாங்க? பசிச்சா இதைக் குடிங்க. புள்ளையை இப்படிக் குடுங்க."

தங்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். பின்னாலேயே போனேன். அவர்கள் வீட்டில் கட்டில் ஒன்றுதான். அதில் அவளைப் படுக்கவைத்தார்கள். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள், மாற்றி மாற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். என்ன சாதி, அம்மா எந்த ஜனம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு முற்பகல் காய்ச்சல் வியர்த்து இறங்கியது. தங்கம் கண்ணைத் திறந்து, அவள் அம்மா ஆக்கும், வீடே நாறும் பர்மா மீன் விழுது வேண்டும் என்றாள். எஸ்தரம்மாள் முகர்ந்து பார்ப்பதுபோல் மூக்கைச் சுருக்கி, "கருவாட்டுக் குழம்பு இருக்குது சாமி, அதுவும் அதே நாத்தந்தான்" என்றார். குழந்தை சிரித்தது. நான் வெளியே போய் அழுதேன். கர்த்தர் என் ஜெபத்தில் முதல் பாதியைக் கேட்டார். செத்தவனாக இருந்துவிடுகிறேன் என்ற பாதியை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்தச் சபையிலேயே நான் ஞானஸ்நானம் பெற்றபோது போதகர் ஐயா எனக்கு வேதத்திலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்து வைத்திருந்தார். எல்லாருக்கும் அப்படித்தான். எனக்குப் பழைய பெயரே இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்டேன். அவர் யோசித்து, சரி என்றார். சபை முழுவதும் கேட்க, "பழனிச்சாமி" என்று கூப்பிட்டார். நான் "இருக்கிறேன் ஐயா" என்றேன். எனக்குக் கிடைத்த திருத்தம் அதுதான்.

அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் இந்தச் சாட்சி அழகாக முடியும். ஆனால் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது. அந்த முளைவிட்ட தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருக்காக ஜெபிக்கிறேன், பல நாள் அவர் பெயரைச் சொன்னதோடு ஜெபம் நின்றுவிடுகிறது. மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்கிறேன்.

வருஷா வருஷம் என் திதியன்று எருமப்பட்டியில் என் பெயரைச் சொல்லிக் காக்கைக்குச் சோறு வைக்கிறார்களாம். அந்த நாளில் நானும் தங்கமும் ஜங்ஷனுக்குக் கஞ்சி கொண்டுபோகிறோம். ரயிலில் வந்து இறங்கும் ஊர் இல்லாதவர்களிடம் முதலில் பெயரைத்தான் கேட்கிறேன். கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஊற்றுகிறேன்.

சொந்தக்காரர்களே உங்களை இல்லை என்று சொல்லிவிட்டிருந்தால், உங்கள் பெயரைக் கர்த்தரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கேட்கும். பிறகு சூரமங்கலம் வாருங்கள். கஞ்சிப் பானையின் மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும்.