ஒரு வாரம் தள்ளி வந்தால் என்ன

வயிற்றில் பிள்ளையைச் சுமந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அசதிதான். திருமணமாகி ஏழு வருடம் கழித்து உண்டான பிள்ளை. எங்கள் சபையில் எனக்காக ஜெபம் செய்யாத பெண்ணே இல்லை. அதனால் சந்தோஷமாகவும் இருந்திருக்க வேண்டும். ஆனால் பஸ் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிப்போன காலைகள்தான் மனதில் நிற்கின்றன.

பாபநாசத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. செவ்வாய்க்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கும். காலையில் இரண்டு பீரியடுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு போவேன். எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை. ஆனால் கூட்டம் அதிகம் என்பதால் காத்திருப்பதிலேயே அந்த இரண்டு பீரியடும் போய்விடும். அந்தக் காத்திருப்பில்தான் அவர்கள் இரண்டு பேரும் எனக்குப் பழக்கமானார்கள்.

ஒருத்தி நடவு ஆள். ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். முதல் நாள் பார்த்தபோது என்னைவிட மூத்தவள் என்று நினைத்து ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் அவள் பரிசோதனை அட்டையில் வயதைப் பார்த்தேன். என்னைவிட நான்கு வயது சின்னவள். கூப்பிட்ட வாய் மாறவில்லை. அவளும் மறுக்கவில்லை.

இன்னொருத்தி இருபத்தொரு வயதுப் பெண். தரங்கம்பாடிப் பக்கத்து மீனவக் குடும்பம். லோடு ஆட்டோ ஓட்டும் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கே வயல்காட்டுக்கு நடுவில் வந்து சேர்ந்திருந்தாள். அவளுக்கு மசக்கையைவிடப் பெரிய குறை மீன்தான்.

“இங்க வர்ற மீன்ல ஐஸ் வாசனைதான் வருது டீச்சர். வாயில வைக்க முடியல” என்பாள்.

எங்கள் பேச்செல்லாம் இப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, என்ன செய்யலாம்? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுப் பார், எலுமிச்சை ஜூஸோடு போடு, டீயோடு போடாதே. குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்துவிட்டேன், மறுபடியும் குடிக்கச் சொல்வார்களா? சொல்வார்கள். இடது பக்கம் படுத்தால் இடுப்பு வலிக்கிறது. முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள். பிள்ளை அசையாமலே இருக்கிறதே என்று கடற்கரைப் பெண் ஒரு நாள் அழுதபோது, அக்கா ஒரு பன்னையும் தண்ணீர் பாட்டிலையும் அவள் கையில் கொடுத்தாள்.

“முதல்ல நீ தின்னுட்டுப் பேசாம படு. அது எந்திரிக்கும்.”

அன்றைக்கு அது எழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தோம்.

நான் படித்தவள் என்பதால் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது. செல்போனில் படித்ததையெல்லாம் சொல்வேன். “டீச்சர் சொன்னா சரியா இருக்கும்” என்று மற்ற பெண்களும் காது கொடுப்பார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஏழாம் மாதம் பிறந்த சமயம். எங்கள் மூவருக்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. புரட்டாசி, சம்பா நடவு ஊர் முழுக்க நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பரிசோதனை முடிய மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கு நான்காவது பீரியடும் போய்விட்டது. தலைமையாசிரியை என்ன சொல்வாரோ என்ற கவலையோடு பஸ்ஸுக்கு ஓடப் பார்த்தேன். கேட்டருகே அக்கா நின்றிருந்தாள்.

“டீச்சர், இதப் பாருங்களேன். மெட்டியக் கழட்ட முடியல.”

குனிய முடியாததால் அவள் காலை லேசாகத் தூக்கிக் காட்டினாள். கணுக்கால் தெரியவில்லை. விரல்கள் உருண்டையாக இருந்தன.

“எனக்குந்தான் வீங்கியிருக்கு அக்கா. ஏழாம் மாசத்துல எல்லாருக்கும் வர்றதுதான். உப்பு நீர். பார்லி கஞ்சி குடிங்க, கால ஒசத்தி வச்சுப் படுங்க.”

“நர்சம்மா அடுத்த செவ்வாக்கெழமையே வரச் சொல்றாங்க. உங்களுக்கு ரெண்டு வாரம்தானே சொன்னாங்க?”

“ஆமா.”

“இப்ப எங்க நடவு செட்டுக்குக் கையில வேலை இருக்கு. ஒரு ஆள் கொறஞ்சா மத்தவங்களுக்குக் கஷ்டம். ஒரு வாரம் தள்ளி வந்தா என்ன டீச்சர்? நீங்க வர்ற அன்னைக்கே நானும் வந்துடறேன். பேச்சுத் துணையாவும் இருக்கும்.”

ஏன் அவளை மட்டும் ஒரு வாரத்தில் வரச் சொன்னார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அட்டை அவள் கையில்தான் இருந்தது. வாங்கி ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது. என் இடுப்பு விட்டுப்போவது மாதிரி வலித்தது. அன்றைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டுவிட்டிருந்தார்கள்.

“ஒண்ணும் ஆகாது அக்கா. சேந்தே வருவோம்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இரண்டு வாரம் கழித்து நான் போனபோது கடற்கரைப் பெண் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அக்கா கொஞ்சம் தாமதமாக வந்தாள். வாசலில் பார்த்தபோது எனக்கு ஒரு நொடி அடையாளமே தெரியவில்லை. முகம் உப்பியிருந்தது. கண் இடுங்கியிருந்தது. வந்தவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“என்ன அக்கா, தூங்கலையா?”

“தலைவலி டீச்சர். மூணு நாளா விடல. வெயில்ல நின்னது. தைலம் தடவுனா போயிடும்னு பாத்தேன்.”

என் பையில் தைலம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில்கூட எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

கடற்கரைப் பெண் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கண்ணு தெரியுதாக்கா ஒங்களுக்கு?” என்று கேட்டாள்.

“தெரியுது. நேத்துலேருந்து பூச்சி பறக்குற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.”

அந்தப் பெண் எழுந்து நின்றாள். அவள் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. “எங்க அண்ணிக்கு இப்படித்தான் ஆச்சு” என்றாள். “கண்ணு மங்குதுன்னு சொன்னிச்சு. படுத்தா சரியாயிடும்னு எல்லாருமா படுக்க வச்சோம். எந்திரிக்கவே இல்ல.”

வரிசையில் நின்றவர்கள் கத்தக் கத்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நர்சம்மாவைக் கையைப் பிடித்தே இழுத்து வந்துவிட்டாள்.

நர்சம்மா அங்கேயே பெஞ்சில் வைத்து பிரஷர் பார்த்தார். மறு கையிலும் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. அதற்குள் டாக்டரும் வெளியே வந்துவிட்டார். அக்காவை உள்ளே படுக்க வைத்து இரண்டு பக்க இடுப்பிலும் ஊசி போட்டார்கள். நூற்றெட்டுக்குப் போன் போனது.

நர்சம்மா அட்டையைப் புரட்டினார். “போன வாரமே வரச் சொன்னேனே. அன்னைக்கே பிரஷர் ஏறியிருந்துச்சு, எழுதியிருக்கேன் பாரு. ஏம்மா வரல?”

நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நடவு, நர்சம்மா” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் வைத்தியத்தில் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

ஆம்புலன்சில் கூடப் போகிறேன் என்றேன். “நீங்களே வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறீங்க, எறங்குங்க டீச்சர்” என்று நர்சம்மாவே ஏறிக்கொண்டார். தன் போனை என் கையில் கொடுத்து, “அவருக்குச் சொல்லுங்க, வயல்ல சத்தத்துல கேக்காது, விடாம அடிங்க” என்றாள் அக்கா. அவள் புருஷன் டிராக்டர் ஓட்டுபவர். எட்டாவது தடவைக்கு எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், வண்டியை அணைக்காமலே “வரேன்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டம்மா பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருந்தார். பெரியவள், நான்காம் வகுப்புப் படிப்பவள், “எங்கம்மா எப்ப வரும் டீச்சர்?” என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். அத்தனை மாதத்தில் நான் தெரியாது என்று சொன்னது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வலிப்பு வந்ததையும், உடனே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்ததையும் மறுநாள் அவள் புருஷன் போனில் சொன்னார். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அக்காவுக்கு இரண்டு நாள் நினைவு சரியாக இல்லை. நான் அந்த இரண்டு நாளும் பள்ளிக்குப் போய் பின்னக்கணக்கு நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் கடற்கரைப் பெண்ணும் தஞ்சாவூருக்குப் போனோம். அக்கா குழந்தைகள் பிரிவுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்து முகம் சின்னதாகியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டுமாம். நேரம் தவறிவிடுமோ என்று படுக்கவே பயமாக இருக்கிறது என்றாள்.

கடற்கரைப் பெண் தண்ணீர் பிடிக்கப் போனாள். அந்த இடைவெளியில் சொன்னேன். “அக்கா, அன்னைக்கு நான்தான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அட்டையக்கூட வாங்கிப் பாக்கல.”

அவள் கிண்ணத்தைப் பாயின் ஓரத்தில் மூடி வைத்தாள்.

“நான் ஒங்ககிட்ட ஏன் கேட்டேன் தெரியுமா டீச்சர்? நர்சம்மா சொன்னது எனக்குப் புரிஞ்சிச்சு. பிரஷர் இருக்கு, வான்னுதான் சொன்னாங்க. வராம இருக்க எனக்கு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்துச்சு. எங்க வீட்டு ஆளக் கேட்டிருந்தா போன்னு சொல்லியிருப்பாரு. அதான் ஒங்களக் கேட்டேன்.”

“நான் தெரியாதுன்னு சொல்லியிருந்தா?”

“வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல, போயிருப்பேனோ என்னமோ. தெரியல டீச்சர்” என்றாள்.

என்னைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காக அவள் பொய் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, தாங்க முடியாததாகவும் இருந்தது. உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

குழந்தை வீட்டுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிழைத்துக்கொண்டது. கடற்கரைப் பெண் கார்த்திகையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கடல் மீனைத் தின்றுகொண்டு, மார்கழியில் ஒரு பையனைப் பெற்றாள். அதே வாரத்தில் எனக்கும் பெண் பிறந்தாள். சுகப்பிரசவம். எல்லாரும் ஜெபத்தின் பலன் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்ல ஆசை. ஆனால் அந்த வராந்தாப் பாய் குறுக்கே வந்துவிடும்.

மாசியில், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் ஒரு புதன்கிழமை, அக்காவை மறுபடி பார்த்தேன். அவள் குழந்தை இன்னும் என் குழந்தையில் பாதிதான் இருந்தது. ஆனால் ஊசி போட்டதும் இரண்டு மடங்கு அழுதது. எங்களுக்கு முன்னால் வயிறு லேசாகத் தெரிந்த ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அக்காவிடம், “நடக்கும்போது அடிவயிறு இழுக்குதுக்கா, இது இருக்குறதுதானே?” என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அதற்கு ஆளுக்கொரு பதில் தெரியும்.

“உள்ள போயி நர்சம்மாகிட்ட சொல்லு. நீ சொல்றியா, நான் கூட்டிட்டுப் போகவா?” என்றாள் அக்கா. சொன்னதோடு நிற்காமல் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அக்கா தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. குழந்தையைச் சுற்றியிருந்த கை மட்டும் தளரவில்லை. வெளியே அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து முளைத்திருந்தது. என் நிறுத்தம் வந்தது. அவளை எழுப்ப மனம் வரவில்லை. கண்டக்டரிடம் அவள் இறங்க வேண்டிய ஊரைச் சொல்லி, அங்கே எழுப்பிவிடச் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன்.