தங்கையின் புரோகிராம்

அச்சகத்தில் டைப் அடிக்கும் வேலை பார்த்த பெரியவளும், படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்த அவள் தங்கையும் ஒரே நாளில்தான் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார்கள். மருந்துக்கடை மாடியில் ஜன்னலில்லாத ஓர் அறை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மேசை.

ஆரம்பத்தில் ஆசிரியை கீபோர்டைத் தொடவே விடவில்லை. ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, எது முதலில், எது பிறகு, எங்கே ‘ஆம்’, எங்கே ‘இல்லை’ என்று காகிதத்தில் படம் போடவைத்தார். பெரியவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சின்னவள் நிதானக்காரி. அம்புக்குறியைப் போட்டுவிட்டு, அது எங்கே போய் முட்டுகிறது என்று பென்சிலைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சின்னவள் எழுதிய புரோகிராம் நிற்காமல் ஓடியது. திரை முழுக்க ஒரே எண் கொட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இரு அக்கா, எங்க மாட்டிக்கிச்சுன்னு நானே பாக்குறேன்” என்றாள்.

“தள்ளு, இதுல என்ன இருக்கு” என்று பெரியவள் கீபோர்டை இழுத்து, விட்டுப்போன வரியைச் சேர்த்தாள். புரோகிராம் அடங்கியது. தங்கையின் சிரிப்பும்தான்.

அதுவே வழக்கமாகிப்போனது. அம்மா போன பிறகு தலை வாரிவிட்டதிலிருந்து தங்கைக்கு எல்லாம் அவள்தான்; இதையும் அதோடு சேர்த்துக்கொண்டாள். தங்கையைக் கொஞ்சம் தடுமாற விடச்சொல்லி ஆசிரியை ஒருமுறை சொல்லிப்பார்த்தார். பெரியவள் தலையை ஆட்டினாள், கை கேட்கவில்லை.

சின்னவள் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. அங்கே ஊழியர்களின் விடுப்பைக் கணக்கிட ஒரு புரோகிராம் வேண்டும், முதலில் படம் போட்டுக் காட்டு என்றார்கள். பலகை முன்னால் நின்றவளுக்கு முதல் கட்டத்துக்குள் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. கொஞ்ச நாள் சமாளித்தாள். பிறகு மரியாதையாகவே அனுப்பிவிட்டார்கள்.

பெரியவள் அந்த நிறுவனத்தை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். சின்னவள் அழவில்லை.

“அவங்க மேல தப்பில்லக்கா. எனக்கு வரலங்கறதே அங்க போய்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் நீ என்னைத் தப்பு பண்ணவே விடலியே.”

இருவருக்குள் பேச்சு ஒன்றும் அறுந்துபோகவில்லை. சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் என்று சொல்வதில் கெட்டிக்காரி எனப் பெயரும் எடுத்தாள். பெரியவளோ அச்சகத்தை விட்டுவிட்டு புரோகிராம் எழுதும் வேலைக்கே போய்விட்டாள். அலுவலகத்தில் நடந்ததை வீட்டில் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வராது.

சில வருஷம் கழித்து ஒரு விடுமுறை நாளில், இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பெரியவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டாள்: “மறுபடி ஆரம்பிக்கலாமாடி? இந்தத் தடவை நான் பக்கத்துலயே வரமாட்டேன்.”

சின்னவள் கையிலிருந்த சட்டையை நீவிவிட்டாள். “வேணாங்கா. அப்ப எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு” என்றாள். குரலில் கோபமில்லை.

தங்கைக்கு அது பிடிக்காத படிப்பு என்று சொல்லித்தான் பெரியவள் இத்தனை வருஷமும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.